அட்டையைப் பாத்து மயங்காதீங்க, தட்டைத் திருப்பிப் படிங்க: டர்பன்ல பழைய ரெக்கார்டு சேக்குறவங்களுக்கு

பழைய ரெக்கார்டு தேடிப் போற எல்லாருக்கும் கை முதல்ல அட்டைக்குத்தான் போகும். எனக்கும் அப்படித்தான் போச்சு. தென்னாப்பிரிக்காவுக்கு, டர்பனுக்கு வந்த புதுசுல ஒரு ஞாயித்துக்கிழமை சந்தையில அமெரிக்கப் பாடகர் ராட்ரிகஸோட கோல்ட் ஃபேக்ட் ஆல்பத்து அட்டையைப் பாத்ததும் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு, விக்கிறவர் இது இந்த நாட்டுல வந்த முதல் பதிப்புன்னார், ஒரு மாச மளிகைக் காசை எண்ணிக் குடுத்துட்டு வந்தேன். வீட்ல லைட்டுக்குக் கீழ வச்சுப் பாத்தா அட்டை பழசு, உள்ள இருக்குற தட்டு ரொம்ப வருஷம் கழிச்சு அடிச்ச மறுபதிப்பு. ரெண்டு காப்பியை யாரோ ஒண்ணா சேத்துட்டாங்க. அந்த வருத்தத்துலதான் தட்டைப் படிக்கவே கத்துக்கிட்டேன்.

தட்டை எப்படிப் படிக்கிறதுன்னா, பாட்டு முடிஞ்சு நடுவுல இருக்குற வட்டக் காகித லேபிளுக்கு முன்னாடி வழுவழுன்னு ஒரு வளையம் இருக்கும்ல, ரன்-அவுட்னு சொல்லுவாங்க, அங்கதான் எல்லா உண்மையும் இருக்கு. ஓரத்தை மட்டும் ரெண்டு உள்ளங்கையாலயும் தாங்கிப் பிடிங்க, மேல இருந்து லைட் அடிச்சா ஒண்ணும் தெரியாது, போன் டார்ச்சை பக்கவாட்டுல சாய்ச்சு அடிங்க, தட்டை மெதுவா சுத்துங்க. கீறி எழுதுனது, முத்திரையா குத்துனது ரெண்டும் வெள்ளி மாதிரி மினுங்கும். சந்தைக்குப் போறப்ப பத்து மடங்கு பெருசாக்கிக் காட்டுற லென்ஸ் ஒண்ணு பையில இருக்கட்டும், பெரிய விலையெல்லாம் இல்ல.

அந்த எழுத்தெல்லாம் ஏன் வந்துச்சுன்னு தெரிஞ்சா படிக்கிறது சுலபம். முதல்ல லாக்கர்ங்கிற மெருகு பூசுன தட்டுல பாட்டை வெட்டுவாங்க, அதுல இருந்து உலோகத்துல எதிர் அச்சு, அதுல இருந்து மதர், மதர்ல இருந்து ஸ்டாம்பர், ஸ்டாம்பரை வச்சு சூடான பிளாஸ்டிக்கை அமுக்குனா நம்ம கைக்கு வர்ற தட்டு. ஸ்டாம்பர் தேயும், தேஞ்சா மாத்துவாங்க, அதனால ஒவ்வொண்ணுக்கும் கணக்கு வச்சாங்க. இங்கிலாந்து ஈ.எம்.ஐ. ரெக்கார்டு கம்பெனி தட்டுல லேபிளை நேரா வச்சுப் பாத்தா ஆறு மணி இருக்குற இடத்துல, எந்தப் பக்கம், எத்தனாவது வெட்டுன்னு சொல்ற மேட்ரிக்ஸ் நம்பர், ஒம்போது மணி இடத்துல மதர் நம்பர், மூணு மணி இடத்துல ஸ்டாம்பர் எழுத்து. அந்த எழுத்து ஒரு கம்பெனி ரகசியக் கணக்கு: ஜி ஒண்ணு, ஆர் ரெண்டு, ஏ மூணு, எம் நாலு, ஓ அஞ்சு, பி ஆறு, ஹெச் ஏழு, எல் எட்டு, அதுக்கப்புறம் வர்ற T ஒம்போது, D சைபர். கிராமோஃபோன் லிமிடெட்ங்கிற பேரைச் சுருக்கி எடுத்த எழுத்துங்க. ஜி, ஓ சேந்து இருந்தா பதினஞ்சாவது ஸ்டாம்பர். முதல் தடவை இதை நானே படிச்சப்ப யாரோ எனக்குன்னு எழுதி வச்ச கடுதாசி மாதிரி இருந்துச்சு.

மேட்ரிக்ஸ் நம்பர் கடைசியில ஒண்ணுன்னு இருந்தா முதல் வெட்டு, ஆனா அதை மட்டும் பிடிச்சுத் தொங்காதீங்க, சில ஆல்பத்துக்கு முதல் வெட்டு சரியில்லன்னு தள்ளிட்டு ரெண்டாவதுலதான் தட்டே அடிச்சிருப்பாங்க. வெட்டுனவர் கையெழுத்தும் தேடுங்க. லெட் செப்பலினோட ரெண்டாவது ஆல்பம், 1969, ரன்-அவுட்ல ஆர் எல்-னு ரெண்டு எழுத்து இருந்தா அது பாப் லட்விக் வெட்டுனது, சத்தம் அவ்வளவு கனமா இருக்கும், மத்த காப்பிக்கும் அதுக்கும் விலையில மலையும் மடுவும்.

இப்ப நம்ம ஊர் விஷயத்துக்கு வர்றேன். தென்னாப்பிரிக்காவுல அடிச்ச தட்டுன்னா ரெண்டாந்தரம்னு வெளிநாட்டுக்காரங்க ஒதுக்குனது ஒரு காலம். லேபிள்ல மேட் இன் சவுத் ஆப்ரிக்கான்னு இருந்தாலும் ரன்-அவுட்ல வெளிநாட்டு முத்திரை அப்படியே இருந்துச்சுன்னா அங்கேர்ந்து உலோக அச்சே வந்திருக்குன்னு அர்த்தம், நம்பர் வேற மாதிரி கையால கீறியிருந்தா டேப் காப்பி வாங்கி இங்கயே வெட்டுனதா இருக்கலாம். முதல் வகைதான் மூலத்துக்குப் பக்கத்துல இருக்கும், என் காது சொல்றதும் அதுதான். விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா தயவுசெஞ்சு உரிக்காதீங்க, அது ஒரு சாட்சி. இங்க ரேண்ட் வந்தது 1961 பிப்ரவரி 14, ஷில்லிங்ல விலை போட்டிருந்தா அதுக்கு முந்தின காலம்னு ஒரே பார்வையில தெரிஞ்சிரும்.

அட்டை ஏன் மாறுதுன்னு கேட்டா, சில நேரம் நாடு மாறுறதால, சில நேரம் கம்பெனி பயந்துக்குறதால. கோல்ட் ஃபேக்ட் அமெரிக்காவுல 1970ல வந்து விக்கவே இல்ல, இங்க 1971ல வந்து வீட்டுக்கு வீடு போச்சு. அவரோட ரெண்டாவது ஆல்பம் கமிங் ஃப்ரம் ரியாலிட்டி, அதை இங்க 1976ல ஆஃப்டர் தி ஃபேக்ட்னு பேரையே மாத்தி விட்டாங்க, பேரை மட்டும் பாத்துத் தேடுனா தாண்டிப் போயிருவீங்க. இங்கத்த ஜாஸ் பியானோக்காரர் டாலர் பிராண்டோட மானன்பர்க் ஆல்பமும் இதே கதைதான். 1974ல ஜோஹன்னஸ்பர்க்ல கொஹினூர்னு ரெக்கார்டு கடை வச்சிருந்த ரஷீத் வாலி, நம்மள மாதிரி இந்திய வம்சாவளிக்காரர், தி சன்-ங்கிற தன்னோட ரெக்கார்டு கம்பெனி பேர்ல வெளியிட்டார், அமெரிக்காவுல 1977ல அதே பதிவு கேப்டவுன் ஃப்ரிஞ்ச்னு வேற பேர்ல வேற அட்டையில வந்துச்சு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும்னு எனக்கு இன்னும் ஆசை.

பயத்துல மாறுனதுக்குப் பெரிய உதாரணம் பீட்டில்ஸோட அமெரிக்க ஆல்பம் யெஸ்டர்டே அண்ட் டுடே. 1966 ஜூன்ல கறியும் உடைஞ்ச பொம்மையுமா இருந்த அட்டைக்கு எதிர்ப்பு வந்ததும் திரும்ப வாங்கி, ஒரு பெரிய பயணப் பெட்டியைச் சுத்தி அவங்க இருக்குற படத்தை அது மேலயே ஒட்டி வித்தாங்க. மேல ஒட்டுனதுக்கு அடியில பழசு இருக்கான்னு பாக்க, பெட்டிக்கு வலது பக்கம் வெள்ளை இடத்துல அவங்க டிரம்மர் ரிங்கோ சட்டைக் கழுத்தோட கறுப்பு முக்கோணம் லேசா நிழலாடுதான்னு பாருங்க. நிழல் தெரிஞ்சா உரிக்கப் போயிராதீங்க, ஈரத்துணி, ஹேர் டிரையர்னு ஆளாளுக்கு யோசனை சொல்லுவாங்க, உரிக்காத காப்பி வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே வருது, உரிச்சதைத் திரும்ப ஒட்ட முடியாது. அட்டையே பொருளா ஆகுற இடமும் உண்டு, பீட்டில்ஸோட 1968 வெள்ளை ஆல்பத்துல அட்டையில நம்பர் குத்தியிருக்கும், ரிங்கோ கிட்ட இருந்த முதல் நம்பர் காப்பி 2015ல 7,90,000 டாலருக்கு ஏலம் போச்சு.

போலி அட்டையைக் கண்டுபிடிக்க லென்ஸ் போதும். மூல அச்சுல எழுத்து கெட்டியா, ஓரம் வெட்டுன மாதிரி இருக்கும், ஸ்கேன் பண்ணி அடிச்சதுல எழுத்துக்குள்ளயே புள்ளி புள்ளியாத் தெரியும். அப்புறம் ரெக்கார்டு விவரமெல்லாம் இருக்குற டிஸ்காக்ஸ் வெப்சைட்ல ரன்-அவுட் எழுத்தை அப்படியே தட்டித் தேடுங்க, ஆல்பம் பேரைப் போட்டுத் தேடாதீங்க.

கீறல் விஷயத்துல ஒண்ணு சொல்லணும். வெள்ளையர் ஆட்சிக் காலத்துல இங்க அரசு ரேடியோ எஸ்.ஏ.பி.சி. நூலகத்துல ஒலிபரப்பக் கூடாத பாட்டு மேல கூரான கருவியால கீறி வச்சிருந்தாங்க, கோல்ட் ஃபேக்ட்ல இருக்குற சுகர் மேன் பாட்டுக்கும் அதுதான் நடந்துச்சு. அந்த மாதிரி நூலகத் தட்டு கையில கிடைச்சா பழுதுன்னு தள்ளாதீங்க, அந்தக் கீறல்தான் அதோட வரலாறு.

நம்ம தமிழ்த் தட்டுங்களுக்கு டர்பன்ல நம்ம ஆளுங்க நிறைய இருக்குற சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதி வீடுங்கதான் புதையல். போன வருஷம் சாட்ஸ்வொர்த்ல ஒரு ஆயா கட்டிலுக்கு அடியில இருந்து தகரப் பெட்டியை இழுத்து, "என் வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் யாரும் போடல தம்பி, பாருங்க"ன்னாங்க. ஏழு இஞ்ச், பக்கத்துக்கு ரெண்டு பாட்டு, கல்கத்தா பக்கத்து டம்டம் தொழிற்சாலையில அடிச்ச ஈ.பி.ங்க. ஒண்ணோட அட்டை பின்னாடி நைரோபி கடை ஸ்டிக்கர். 1946லயே இந்தியா இந்த நாட்டோட வியாபாரத்தை நிறுத்திருச்சு, நேரா வர வழியில்லாம சுத்தி வந்த பாட்டு அது. இந்த மாதிரி வீட்ல போய் பேரம் பேசாதீங்க, தட்டோட உண்மையான மதிப்பை அவங்ககிட்ட முதல்ல சொல்லிட்டு அப்புறம் விலை கேளுங்க, குடுக்க மனசில்லன்னா போட்டோ எடுத்துக்கிட்டு வாங்க. எனக்கு அஞ்சு தட்டு குடுத்தாங்க, நைரோபி தட்டை மட்டும் வச்சுக்கிட்டாங்க, அது அவங்க கல்யாணத்துக்கு வந்ததாம்.

தரம் சொல்ற வார்த்தையில ஏமாறாதீங்க. கடைக்காரர் குட்னு போட்டிருந்தா அது நல்லா இல்லன்னுதான் அர்த்தம், வெரி குட் பிளஸ்ல இருந்துதான் நிம்மதியா கேக்கலாம். அட்டைக்கும் தட்டுக்கும் தனித்தனியா தரம் கேளுங்க.

டர்பன் ஈரக்காத்துக்கு அட்டையில பூஞ்சை ஈசியா ஏறும். படுக்க வச்சு அடுக்காதீங்க, செங்குத்தா நிறுத்துங்க, சுவரோட ஒட்டாம ஒரு கை இடைவெளி விடுங்க. வெளி உறை பி.வி.சி.ல வேண்டாம், நாளாக நாளாக தட்டு மேல மூடுபனி மாதிரி படியும், பாலித்தீன் இல்லன்னா பாலிப்ரொப்பிலீன் வாங்குங்க. கழுவ டிஸ்டில்டு வாட்டரும் மெல்லிசு துணியும் போதும். வினைல் தட்டுக்குக் கொஞ்சம் ஆல்கஹால் சேக்கலாம், ஆனா பழைய 78 தட்டு பக்கமே ஆல்கஹாலைக் கொண்டு போகாதீங்க, அது அரக்குல செஞ்சது, கரைஞ்சிரும். டிசம்பர் வெயில்ல காரு டிக்கியில வச்சுட்டு கடைக்குப் போனா திரும்பி வர்றப்ப தட்டு அப்பளம் மாதிரி வளைஞ்சிருக்கும், எனக்கு ரெண்டு போச்சு.

தபால்ல வரவழைச்சா அனுப்புறவர்கிட்ட முன்னாடியே சொல்லிருங்க, தட்டை அட்டைக்கு வெளிய எடுத்து உள்ளுறையோட பின்னாடி வச்சுக் கட்டச் சொல்லுங்க, இல்லன்னா பெட்டி குலுங்குறப்ப தட்டே அட்டையோட விளிம்பைக் கிழிச்சிரும்.