மாத்திரை எப்போது பிடிக்கிறது, எப்போது விடுகிறது: கைப்பட்டையைக் கணுக்காலில் கட்டிப் பார்க்கும் முறை

சின்னவனுக்கு ஒன்பது வயது. ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைத் துடிப்பும்) என்று சொல்லி டாக்டரம்மா மெத்தில்பெனிடேட் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் கவனித்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்றார். போனோம். நான் "பரவாயில்லை டாக்டர்" என்றேன். என் மனைவி "ஒரு மாற்றமும் இல்லை" என்றாள். கூட வந்த என் அம்மா, "பிள்ளை மத்தியானம் ஒரு வாய் சாப்பிட மாட்டேங்கான்" என்றார். மூன்றுமே உண்மை. ஆனால் அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு டாக்டர் என்ன செய்வார்? இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்றுதான் சொன்னார்.

கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். 'பரவாயில்லை' என்று பேரேட்டில் எழுத முடியாது. அதனால் ஒரு உடற்பயிற்சிக் கைப்பட்டை வாங்கி அவனுக்குக் கட்டினேன். அதிலிருந்து பயனுள்ள ஒரு தாளை உருவாக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. உங்களுக்கு ஒரு வார வேலைதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டைக்குள் இருப்பது அசைவை அளக்கும் சில்லு. கவனம் என்றால் அதற்கு என்னவென்று தெரியாது. கணக்குப் போட்டுக்கொண்டு அசையாமல் இருக்கும் பிள்ளையும், ஜன்னல் வழியே காக்கையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருக்கும் பிள்ளையும் அதற்கு ஒன்றுதான். அது ஒழுங்காகச் சொல்வது நேரத்தை: மாத்திரை எப்போது பிடித்தது, எப்போது விட்டது, ராத்திரித் தூக்கம் தள்ளிப்போனதா. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை. வரைபடக் கோட்டைப் பார்த்து நாமாக அரை மாத்திரை கூடக் கொடுக்கக் கூடாது.

எந்தப் பட்டை, எந்தச் செயலி

விலை உயர்ந்த கடிகாரம் வேண்டாம். திரை பெரிதாக இருந்தால் பிள்ளை அதையே நோண்டிக்கொண்டிருப்பான், அப்புறம் அந்த அசைவையும் சேர்த்து அளப்பீர்கள். ஷாவ்மி நிறுவனத்தின் பழைய மி பேண்ட் போதும். நிமிடத்துக்கு ஒரு எண் பதிவாக வேண்டும், அந்த எண்ணை நாம் வெளியே எடுக்க முடிய வேண்டும். வேறு நிபந்தனை கிடையாது.

நிறுவனத்தின் செயலிகள் அழகான வட்டம் காட்டும், "இன்று 9,000 அடி" என்று கைதட்டும். நமக்கு அது உதவாது. உட்கார்ந்த இடத்தில் நெளிகிற பிள்ளை ஓர் அடிகூட நடப்பதில்லை. நான் பயன்படுத்துவது கேட்ஜெட்பிரிட்ஜ். இலவசம், திறந்த மூலம், ஆண்ட்ராய்டில் மட்டும் ஓடும், எஃப்-ட்ராய்ட் என்ற இலவசச் செயலிக் கிடங்கில் கிடைக்கும். பிள்ளையின் தகவல் போனை விட்டு எந்த சர்வருக்கும் போகாது என்பதும் எனக்குப் பெரிய விஷயம். செயலியில் தரவுத்தளத்தை ஏற்றுமதி செய்தால் ஒரு எஸ்கியூலைட் கோப்பு வரும். கணினியில் டிபி பிரவுசர் என்ற இலவச மென்பொருளில் திறந்து, 'மி பேண்ட் ஆக்டிவிட்டி சாம்பிள்' அட்டவணையை சிஎஸ்வியாக (எக்செலில் திறக்கும் கோப்பு) சேமித்துக்கொள்ளுங்கள். அதில் டைம்ஸ்டாம்ப் (நேரம்), ரா இன்டென்சிட்டி (அசைவின் அளவு) இரண்டு பத்திகள் போதும். மற்றதை அழித்துவிடலாம்.

எங்கே கட்டுவது

மணிக்கட்டில் கட்டி இரண்டு வாரம் வீணாக்கினேன். எழுதினாலும் அசைவு, வேர்க்குருவைச் சொறிந்தாலும் அசைவு. போதாததற்கு வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் "என்னல இது" என்று இழுத்துப் பார்க்க, மூன்றாம் நாளே கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டான்.

இப்போது கணுக்காலில், சாக்ஸுக்கு உள்ளே. யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் இவன் காலாட்டினால் ஆச்சி "காலாட்டாதல, வீட்டுக்கு ஆகாது" என்று அதட்டுவார். அந்தக் காலாட்டல்தான் நமக்கு வேண்டிய சரக்கு, அது மணிக்கட்டில் விழவே விழாது. பட்டை தொளதொளவென்று இருந்ததால் எங்கள் திருநெல்வேலியில், முருகன்குறிச்சியில் செருப்புத் தைக்கும் அண்ணாச்சியிடம் கொடுத்து இரண்டு ஓட்டை கூடப் போட்டு வாங்கினேன். ஒரு விரல் நுழைகிற இறுக்கம் சரி. நம்மூர் வேர்வைக்குத் தினமும் ராத்திரி கழுவித் துடையுங்கள். அடுத்த நாள் மற்றக் காலில் கட்ட வேண்டும் என்று நினைத்தேன். செய்யாதீர்கள். எந்தக் காலோ அதே கால், கடைசி வரை. தோல் சிவந்தால் ஒரு நாள் விடுப்புக் கொடுங்கள்.

இதயத்துடிப்பு அளவீட்டையும் அதிர்வையும் அறிவிப்புகளையும் அணைத்துவிடுங்கள். கணுக்காலில் வரும் துடிப்பு எண்ணை நம்ப முடியாது. இந்த மருந்து நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கொஞ்சம் கூட்டக்கூடும் என்பதால் அவற்றை டாக்டரே பார்ப்பார். வகுப்பு மிஸ்ஸிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நேரம்: நான் விழுந்த குழி

இதை மெதுவாகப் படியுங்கள்.

டைம்ஸ்டாம்ப் பத்தியில் பத்து இலக்க எண் இருக்கும். 1970 ஜனவரி 1 முதல் எத்தனை நொடி ஆயிற்று என்ற கணக்கு அது, கிரீன்விச் நேரப்படி. நான் அதை மணியாக மாற்றும் சூத்திரத்தை எங்கேயோ பார்த்துப் போட்டேன், காலை 9 முதல் 12:30 வரை மட்டும் பிரித்தெடுத்தேன், கோடு வரைந்தேன். மாத்திரை போட்ட காலையில்தான் பையன் அதிகம் ஆடுவதாக வந்தது. நாள் தவறாமல் அப்படித்தான். மருந்து அவனுக்கு எதிராக வேலை செய்கிறது என்று முடிவுகட்டி, டாக்டரிடம் காட்டுவதற்காக அச்சடித்தும் வைத்துவிட்டேன்.

பிளஸ் ஒன் படிக்கிற மகள் முழு நாள் கோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏம்ப்பா, தம்பி நடுச்சாமம் பன்னெண்டரைக்கா எந்திச்சான்?"

அவன் எழுவது காலை ஆறு மணிக்கு. நம் நேரம் கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி முன்னால். நான் 'காலை ஒன்பது முதல் பன்னிரண்டரை' என்று நினைத்துப் பிரித்தது உண்மையில் பிற்பகல் இரண்டரை முதல் மாலை ஆறு. அப்போது மருந்து விட்டுப் பல மணி ஆகியிருக்கும், பள்ளிக்கூடம் முடிந்து தெருவில் கிரிக்கெட்டும் ஆரம்பித்திருக்கும். அச்சடித்த தாளைக் கிழித்துப் போட்டேன்.

சரியான கணக்கு இது: அந்த எண்ணோடு 19800 கூட்டுங்கள் (ஐந்தரை மணியின் நொடிகள்), 86400-ஆல் வகுங்கள், வரும் விடையோடு 25569 கூட்டுங்கள். பிறகு அந்தக் கட்டத்தைத் தேதி-நேர வடிவத்துக்கு மாற்றுங்கள். எக்செல், லிப்ரே ஆபீஸ் கால்க் இரண்டிலும் இது சரியாக வரும். போட்டதும் முதல் வேலையாகப் பிள்ளை எழுந்த நேரம் கோட்டில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது பொருந்தாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

எதை எதோடு ஒப்பிடுவது

முழு நாள் கூட்டுத்தொகை குப்பை. பீரியட் பீரியடாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பீரியடுக்கும் நிமிட எண்களின் இடைநிலை அளவை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) எடுங்கள். சராசரி வேண்டாம், நடுவில் இரண்டு நிமிடம் பெஞ்சு மேல் ஏறிக் குதித்தால் அது முழு பீரியடையும் தூக்கிவிடும். திங்கள் இரண்டாம் பீரியடை அடுத்த திங்கள் இரண்டாம் பீரியடோடு ஒப்பிடுங்கள். இருபது நிமிடம் தொடர்ந்து சுழி வந்தால் பட்டை காலில் இல்லை என்று பொருள், அந்த பீரியடை விட்டுவிடுங்கள். ஆனித் தேரோட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விட்ட நாளை நான் மறந்துபோய்ச் சேர்த்து, அந்த வாரமே கெட்டது.

டவுனிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பையனை வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன். ஈரடுக்குப் பாலம் ஏறி, ஜங்ஷன் கடந்து, சுலோசன முதலியார் பாலம் தாண்டும் வரை என் பழைய மொபெட் ஆட்டும் ஆட்டத்தைப் பட்டை உண்மையாகவே எழுதி வைத்திருந்தது. எட்டரைக்கு மலை மாதிரி ஓர் உச்சி. அவன் சும்மாதான் உட்கார்ந்திருந்தான். பயண நேரத்தை வெட்டி எறியுங்கள், பஸ்ஸானாலும் சரி, ஆட்டோவானாலும் சரி.

விளையாட்டு பீரியடில் அசைவு குறையவில்லையே என்று கலங்க வேண்டாம். 1983-இல் அமெரிக்காவில் மனநல மருத்துவர் ஜூடித் ராப்பபோர்ட் இடம்பெற்ற ஓர் ஆய்வுக்குழு, மிகைத் துடிப்புள்ள சிறுவர்களுக்கு நாள் முழுக்க அசைவுமானி கட்டிப் பார்த்தது. அவர்கள் கொடுத்தது டெக்ஸ்ட்ரோஆம்ஃபிடமின், இதே வகை ஊக்கமருந்து. வகுப்பறையில் அசைவு நன்றாகக் குறைந்தது, உடற்பயிற்சி நேரத்தில் கூடியது. மருந்து விட்ட பிறகு அசைவு கொஞ்சம் எகிறியதையும் பதிவு செய்தார்கள். என் வீட்டில் அதற்குப் பெயர் 'சாயங்கால ஆட்டம்'.

அசைவுமானி மட்டும் போதாது என்றேனே, அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. மாத்திரை விழுங்கிய மணி, சாப்பிட்ட அளவு, படுத்த மணி, மிஸ் போட்ட குறி. மிஸ்ஸிடம் பக்கம் பக்கமாகக் கேட்காதீர்கள், நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு யாராலும் எழுத முடியாது. மதியத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று என இரண்டே குறி: பாடத்தில் ஒட்டினான், ஒட்டவில்லை.

எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எட்டேகாலுக்கு இட்லியோடு மாத்திரை. முதல் பீரியட் பாதியில் கோடு இறங்கும். பன்னிரண்டு மணி வாக்கில் ஏற ஆரம்பிக்கும். உடனே செயல்படும் வகை மூன்று, நான்கு மணி நேரம்தான் நிற்கும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார், ஆனால் நாங்கள் காதில் வாங்கவில்லை. நான் விடுமுறை நாள் காலை வீட்டுப்பாடத்தையும், என் மனைவி மாலை வீட்டுப்பாடத்தையும் பார்த்துச் சொன்ன இரண்டு தீர்ப்புகளும் ஏன் மோதின என்பது கோட்டைப் பார்த்ததும் விளங்கியது. டாக்டரம்மா இரண்டாவது மாத்திரை சேர்த்தபோது நாங்கள் அதை நாலு மணிக்குக் கொடுத்தோம். ஒன்பதரைக்குப் படுக்கிறான், கோடு பதினொன்றுக்குத்தான் அடங்குகிறது. டாக்டரம்மா தாளைப் பார்த்து அதை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றினார்.

தாள் என்றால் ஒரே தாள். பத்து பக்க வரைபடத்தோடு போனால் யாரும் பார்க்க மாட்டார்கள். மேலே மருந்தின் பெயர், அளவு, கொடுத்த நேரம். நடுவில் ஒரு கோடு. கீழே பசி, தூக்கம், எடை.

பிறகு சேர்த்தவை

இதைப் படித்துவிட்டு அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் அம்மா கேட்டார்: புதிய பட்டை வாங்கினேன், கேட்ஜெட்பிரிட்ஜ் இணைய மறுக்கிறது. மி பேண்ட் 4 முதல் ஒரு ரகசியச் சாவி எண் கேட்கும். முதலில் நிறுவனச் செயலியில் இணைத்து, அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு, பிறகு அந்தச் செயலியைப் போனிலிருந்து நீக்குங்கள். செயலிக்குள்ளே போய்ப் பட்டையின் இணைப்பைத் துண்டித்தால் சாவி செத்துவிடும், மறுபடி முதலிலிருந்து.

இன்னொருவர்: எங்கள் பிள்ளைக்கு அட்டோமாக்ஸெட்டின் (ஏடிஎச்டிக்கே கொடுக்கும் வேறு வகை மருந்து), பட்டை கட்டி ஒரு வாரமாகிறது, கோடு மாறவே இல்லை. மாறாது. அந்த மருந்து பிடிக்கப் பல வாரம் ஆகும், மணிக்கணக்கில் ஏறி இறங்குவதும் இல்லை. பீரியட் ஒப்பீடு அதற்கு வேண்டாம், வாரத்தை வாரத்தோடு வையுங்கள். முடிந்தால் மருந்து தொடங்கும் முன்பே இரண்டு வாரம் பட்டை கட்டிவிடுங்கள். நான் அதைச் செய்யாமல் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை டாக்டர் மாத்திரை வேண்டாம் என்றால் அந்த நாளை 'மருந்தில்லாத நாள்' என்று பள்ளி நாளோடு ஒப்பிடவும் முடியாது. எங்கள் ஞாயிறு தாமிரபரணியில்தான் கழியும். போன மாதம் குறுக்குத்துறைப் படித்துறையில் குளிக்கும்போது பட்டையைக் கழற்ற மறந்துவிட்டோம். நனைந்தும் கெடவில்லை, ஆனால் அன்றைய கோட்டைப் பார்த்து ஆச்சியே சிரித்துவிட்டார்.