மக்காச்சோளத்துக்குப் பதில் கம்பு: பிராய்லர் தீவனத்தை நீங்களே சோதித்துப் பார்ப்பது எப்படி?

கறிக்கோழி வளர்க்க ஆகும் செலவில் மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போய்விடுகிறது. அந்தத் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். எத்தனால் ஆலைகளும் மக்காச்சோளத்தைப் போட்டிபோட்டு வாங்கத் தொடங்கியதில், 2024-இல் இந்தியா ஏற்றுமதியை விட அதிகமாக மக்காச்சோளத்தை இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. விலை ஏறும்போதெல்லாம் மாற்றுத் தீவனம் பற்றிய வீடியோக்கள் பெருகும். அசோலா (தண்ணீரில் மிதந்து வளரும் சிறு பெரணி) போடுங்கள், புழு வளர்த்துப் போடுங்கள், கோழி கொழுகொழுவென்று வளரும் என்பார்கள். வேறு எந்தத் தீவனத்தோடு ஒப்பிட்டு அப்படிச் சொல்கிறார்கள் என்று தேடினால் பெரும்பாலும் பதில் கிடைக்காது.

அசோலாவையே கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் பச்சை அசோலாவில் 93 கிராமுக்கு மேல் தண்ணீர். மிஞ்சும் ஆறேழு கிராமில் கால் பங்குகூடப் புரதம் இருக்காது. ஒன்றரை கிராம் என்று வையுங்கள். நான்கு வாரம் தாண்டிய பிராய்லருக்கு ஒரு நாளைக்கு 30 கிராம் புரதம் தேவை. மேய்ந்து திரியும் நாட்டுக்கோழிக்கு அசோலா நல்ல துணைத் தீவனம்தான். ஐந்து வாரத்தில் இரண்டு கிலோ ஏற வேண்டிய பறவைக்கு அது தீவனச் செலவைக் குறைக்காது.

அதனால் இங்கே கம்பை எடுத்துக்கொள்வோம். மக்காச்சோளத்தில் பாதியை எடுத்துவிட்டுக் கம்பு சேர்த்தால் லாபமா, நஷ்டமா என்று உங்கள் கொட்டகையிலேயே 120 கோழிகளை வைத்துப் பார்த்துவிடலாம். ஒப்பந்த முறையில் வளர்ப்பவர்கள் நிறுவனம் கொடுத்த குஞ்சுகளில் இதைச் செய்யக் கூடாது. தனியாக வாங்கிய குஞ்சுகளில் மட்டும் செய்யுங்கள்.

படி 1: கம்பைப் பார்த்து வாங்குங்கள்

கம்பில் புரதம் மக்காச்சோளத்தை விடக் கூடுதல், ஏறக்குறைய 11%. மக்காச்சோளத்தில் 8.8% என்று வைக்கலாம். புரதத்தின் ஒரு கூறான லைசினும் கம்பில் சற்று அதிகம். எரிசக்தியில்தான் கம்பு பின்தங்குகிறது. மக்காச்சோளத்துக்குக் கிலோவுக்கு 3350 கிலோகலோரி என்றால் கம்புக்கு 3000 என்று கணக்கு வைத்துக்கொள்வோம்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது தேன் ஒழுகல் நோய். அந்தப் பூசணம் தாக்கிய கதிரிலிருந்து வந்த தானியத்தில் கரும்பழுப்பு நிறத்தில் கெட்டியான துணுக்குகள் கலந்திருக்கும். அவை நச்சு. பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ உப்பைக் கரைத்து ஒரு கைப்பிடி கம்பைப் போட்டால் அந்தத் துணுக்குகள் மிதக்கும். மிதந்தால் அந்த மூட்டை வேண்டாம். கழுவி எடுத்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

மக்காச்சோளத்தில் கவனிக்க வேண்டியது பூஞ்சை நச்சான அஃப்ளாடாக்சின். தீவனத்தில் அஃப்ளாடாக்சின் பி1 கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. கம்பு, மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு மூன்றிலும் மாதிரி எடுத்துக் கொடுத்து ஈரப்பதம், புரதம், அஃப்ளாடாக்சின் பார்த்துவிடுங்கள். மூட்டையின் மேலிருந்து மட்டும் மாதிரி எடுக்காமல் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்துக் கலந்து அனுப்ப வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. ஆய்வுக்கூடம் தரும் புரத அளவு என்பது நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிச் சொல்வது. யூரியாவிலும் நைட்ரஜன் உண்டு. அதனால் கருவாட்டுத்தூளில் யூரியாவைக் கலந்து புரதத்தைக் கூட்டிக் காட்ட முடியும். மலிவாகக் கிடைக்கிறதே என்று கருவாட்டுத்தூள் பக்கம் போகிறவர்கள் யூரியா, மணல் இரண்டுக்கும் சேர்த்துப் பரிசோதனை கேளுங்கள்.

படி 2: கலவைக் கணக்கு

புதியவர்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான். 30 கிலோ மக்காச்சோளத்தை எடுத்துவிட்டு 30 கிலோ கம்பைக் கொட்டினால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். அப்படிச் செய்தால் புரதம் கூடும், எரிசக்தி குறையும். பிறகு கோழி மெலிந்தால் அதற்குக் காரணம் கம்பா, எரிசக்திக் குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு தீவனத்திலும் சத்து சமமாக இருக்க வேண்டும், தானியம் மட்டுமே மாற வேண்டும்.

இந்தியத் தரநிர்ணயப்படி 22-ஆம் நாள் முதல் கொடுக்கும் ஃபினிஷர் தீவனத்தில் 20% புரதமும் 3200 கிலோகலோரியும் இருக்க வேண்டும். கையால் கலக்கும் தூள் தீவனத்தில் 3200-ஐ எட்ட எண்ணெயை இன்னும் கூட்ட வேண்டியிருக்கும், தீவனம் பிசுபிசுக்கும். நமக்கு 3130-ஐ ஒட்டி வந்தால் போதும், இரண்டிலும் ஒரே அளவு வந்தால் சரி.

100 கிலோவுக்கு:

வழக்கமான தீவனம்: மக்காச்சோளம் 60, சோயா புண்ணாக்கு 32, தவிட்டு எண்ணெய் 4.5 கிலோ.

கம்புத் தீவனம்: மக்காச்சோளம் 30, கம்பு 30, சோயா புண்ணாக்கு 30.5, தவிட்டு எண்ணெய் 6 கிலோ.

இரண்டுக்கும் பொதுவாக மீதி 3.5 கிலோ: டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) 1.6, சுண்ணாம்புக்கல் தூள் 1, உப்பு 0.3, மெத்தியோனின் 0.2, லைசின் 0.1, வைட்டமின்-தாது பிரீமிக்ஸ் 0.3.

சோயாவில் 46% புரதமும் 2300 கிலோகலோரியும், எண்ணெயில் 8800 கிலோகலோரியும் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். புரதம் இரண்டிலும் 20%. எரிசக்தி முதலாவதில் 3142, இரண்டாவதில் 3134. கம்பு ஒன்றரை கிலோ சோயாவை மிச்சப்படுத்தி, ஒன்றரை கிலோ எண்ணெயைக் கூடுதலாகக் கேட்கிறது. கம்பு லாபமா என்பதைக் கம்பு விலை மட்டும் தீர்மானிப்பதில்லை, எண்ணெய் விலையும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

பரிசோதனையில் உங்கள் கம்பில் புரதம் 9.5% என்று வந்தால் இந்த அளவுகளை அப்படியே எடுக்காதீர்கள். 30 கிலோ கம்பில் அரை கிலோ அளவுக்குப் புரதம் குறையும், சோயாவை ஏறக்குறைய ஒரு கிலோ கூட்டிவிட்டு எரிசக்தியை மறுபடி கணக்குப் பார்க்க வேண்டும்.

படி 3: அரைத்துக் கலப்பது

இரண்டு தானியத்தையும் ஒரே சல்லடையில் கொரகொரப்பாக அரையுங்கள். மாவாக அரைத்தால் அலகில் ஒட்டும், தண்ணீர்த் தொட்டியும் கெடும். கிராம் கணக்கில் சேர்க்கும் பொருள்களை முதலில் இரண்டு கிலோ அரைத்த தானியத்தில் கலந்து, அதைப் பத்து கிலோவில் கலந்து, அப்புறம் மொத்தத்தில் சேர்க்க வேண்டும். எண்ணெய் கடைசியில், கொஞ்சம் கொஞ்சமாக.

ஒரு தீவனத்துக்கு 130 கிலோ தேவைப்படும். 22 முதல் 35-ஆம் நாள் வரை ஒரு கோழி இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் தின்னும்.

கம்பெனிக் குருணைத் தீவனத்தோடு உங்கள் தூள் தீவனத்தை ஒப்பிடாதீர்கள். கோழி குருணையை அதிகமாகத் தின்னும், குறைவாகச் சிந்தும். அப்படி ஒப்பிட்டால் தெரிவது தீவனத்தின் வடிவம் செய்த வேலைதான், கம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒப்பீட்டுக்கான வழக்கமான தீவனத்தையும் நீங்களேதான் கலக்க வேண்டும்.

படி 4: கோழிகளைப் பிரிப்பது

21 நாள் வரை எல்லாவற்றுக்கும் ஒரே தீவனம். 21-ஆம் நாள் காலையில் எடை போட்டு, நோஞ்சானையும் மிகப் பெரியதையும் ஒதுக்கிவிட்டு, 20 கோழி வீதம் ஆறு தடுப்புகளில் விடுங்கள். ஆறிலும் மொத்த எடை ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். தடுப்புக்கு 25 சதுர அடி, ஒரே மாதிரித் தீவனத் தொட்டி, ஒரே மாதிரித் தண்ணீர்த் தொட்டி, தரையில் ஒரே மாதிரி ஆழ்கூளம் (உமி, மரத்தூள் போன்ற படுக்கை).

பிறகு எந்தத் தடுப்புக்கு எந்தத் தீவனம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். மேற்குப் பக்கம் வெயில் அடிக்கும் மூன்று தடுப்பும் ஒரே தீவனத்துக்கு விழுந்தால் மறுபடி குலுக்கலாம். இதைப் பலர் வெறும் சம்பிரதாயமாக நினைக்கிறார்கள். ஏப்ரல் மாதத்தில் பல்லடத்துக் கொட்டகை ஒன்றில் மேற்கு மூலைக்கும் கிழக்கு மூலைக்கும் நடந்து பார்த்தால் இதன் அவசியம் புரியும்.

புதிய தீவனத்துக்கு மூன்று நாளில் படிப்படியாக மாற்றுங்கள். ஆறு தடுப்பிலும் அதே நாள்களில், அதே அளவில். அந்த மூன்று நாளும் தின்னும் பழைய தீவனத்தையும் எடை போட்டுக் கணக்கில் சேருங்கள்.

படி 5: எழுதி வைப்பது

தடுப்புக்கு ஒரு தாள். போட்ட தீவனம், மிஞ்சிய தீவனம், இறந்த கோழியின் எடை, இறந்த நாள். வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், தீவனம் போடும் முன் எடை. கூளம் சொதசொதக்கிறதா என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.

படி 6: முடிவைப் படிப்பது

கற்பனைக் கணக்கு ஒன்று. ஒரு தடுப்பில் 21-ஆம் நாள் மொத்த எடை 17.6 கிலோ. 35-ஆம் நாள் உயிரோடு இருக்கும் 19 கோழியின் எடை 38.6 கிலோ. இறந்த ஒன்று 1.2 கிலோ. தின்ற தீவனம் 42 கிலோ. ஏறிய எடை 38.6 + 1.2 − 17.6 = 22.2 கிலோ. 42-ஐ 22.2-ஆல் வகுத்தால் எஃப்சிஆர், அதாவது ஒரு கிலோ எடை ஏறத் தின்ற தீவனம், 1.89. இறந்த கோழி தின்ற தீவனம் கணக்கில் இருப்பதால் அதன் எடையையும் சேர்த்தோம்.

எஃப்சிஆரோடு நின்றுவிடாதீர்கள். தீவனம் கிலோ 40 ரூபாய் என்றால் ஒரு கிலோ எடை ஏற ஆன செலவு 75.60. கம்புத் தீவனத்தில் எஃப்சிஆர் 1.95 வந்து, அது கிலோ 38.50-க்கு முடிந்திருந்தால் செலவு 75.08. எஃப்சிஆர் மோசம், செலவோ அரை ரூபாய் குறைவு.

அந்த அரை ரூபாயை நம்பலாமா? தடுப்புகளைத் தனித்தனியே பாருங்கள். வழக்கமான தீவனத்தில் 1.84, 1.89, 1.96, கம்பில் 1.88, 1.95, 1.99 என்று வந்திருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. ஒரே தீவனம் தின்ற தடுப்புகளுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, வித்தியாசம் இருப்பதாகச் சொல்ல இந்தச் சோதனை போதாது. இன்னொரு பேட்சிலும் செய்து, தீவனத்துக்கு ஆறு தடுப்பு வீதம் எண்களைச் சேர்த்துப் பாருங்கள், முடிந்தால் ஒன்று கோடையிலும் ஒன்று மழைக்காலத்திலும். இரண்டு பேட்சுக்கும் முன் மாதிரியை மறுபடி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும், ஏனென்றால் அடுத்த லோடு கம்பு முந்தைய லோடு போல இருக்காது.

தோலின் நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மக்காச்சோளத்தின் மஞ்சள் நிறமி கம்பில் இல்லாததால் காலும் தோலும் வெளுக்கும். இறைச்சியின் சத்துக்கு இதனால் ஒன்றும் குறைவில்லை, தோலுரித்து விற்கும் கடைக்காரருக்கும் கவலையில்லை. உயிர்க்கோழியின் காலைப் பார்த்து விலை பேசும் வியாபாரியிடம் விற்கிறவர் என்றால், கம்பு மூட்டைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அவரிடம் பேசிவிடுங்கள்.