பென் டிரைவில் வந்த நீட்சி மட்டும் ஓடியது

பெங்களூரு பீன்யாவில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் வடிவமைப்பு மென்பொருளுக்கு நான் எழுதிக் கொடுத்த நீட்சி (கூடுதல் வசதி சேர்க்கும் சிறு நிரல்), அங்கிருந்த 6 கணினிகளில் ஒன்றில் மட்டுமே ஓடியது. மென்பொருளை மீண்டும் நிறுவியும், நீட்சி ஓடத் தேவையான மைக்ரோசாஃப்ட் தளமான டாட்நெட்டின் பதிப்பை மாற்றியும் 4 நாட்கள் வீணாயின. சந்தா கனமாகத் தெரிந்ததால் தள்ளிப்போட்டிருந்த கட்டண டெவலப்பர் ஆதரவில் (நிரல் எழுதுவோருக்கான உதவிச் சேவை) சேர்ந்து கேட்டபோது, கோப்பு அந்தக் கணினிகளுக்கு எவ்வழியாக வந்தது என்று மட்டும் திருப்பிக் கேட்டார்கள். பிறர் கணினியில் ஓட வேண்டியதை எழுதுபவருக்கு அந்த ஒரு கேள்விக்கே பணம் தகும். தன் மேசைக்கு மட்டும் எழுதுபவருக்குத் தேவையில்லை.

ஓடிய கணினிக்குப் பென் டிரைவில் வந்திருந்தது, மற்றவற்றுக்கு மின்னஞ்சலில் ஜிப்பாக. இணையவழி வரும் கோப்பில் விண்டோஸ் இடும் மறைவான அடையாளம் எஃப்ஏடி32 என்ற கோப்பு முறையில் அமைந்த பென் டிரைவில் ஏறும்போதே நீங்கிவிடும். அடையாளம் எஞ்சிய டிஎல்எல்லை, அதாவது நீட்சியின் நிரல் கோப்பை, டாட்நெட் ஃபிரேம்வொர்க் இயல்பாக ஏற்றுவதில்லை. ஜிப்பைப் பிரிப்பதற்கு முன்பே அதன் பண்புகளில் ‘அன்பிளாக்’ பெட்டியைக் குறித்தேன். நிம்மதி, மீதி 5 கணினிகளிலும் ஓடியது.