வீடு காலி செய்யும்முன்: அட்வான்ஸ் பணம் பத்திரம்

கிருஷ்ணகிரியில் நாங்கள் இருந்த வீட்டைக் காலி செய்தபோது, "பெயின்ட் செலவு" என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸிலேயே கழித்துக்கொண்டார் வீட்டு ஓனர். ஊர் வழக்கம்தானே என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். பிறகுதான் சட்டத்தைப் பார்த்தேன்.

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிப்பது ஓனர் பொறுப்பு; இதுவும் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரைதான். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நாம் தர வேண்டிய பாக்கி போக மீதியைத் திருப்பித் தந்துவிட வேண்டும்.

ஆகவே கையெழுத்துப் போடும்முன் "பெயின்ட் செலவு வாடகைதாரர் பொறுப்பு" என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். ஓசூர்ப் பக்கம் பெங்களூரு பழக்கத்தில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பவர்களும் உண்டு. அங்கே இன்னும் உஷார் தேவை.

அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாக அனுப்பி, தொகையை ஒப்பந்தத்திலும் எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தை, இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும்; பலர் செய்வதில்லை, தகராறு வரும்போதுதான் அதன் அருமை தெரியும்.

சாவி கொடுக்கும் நாளில் பாத்ரூம் குழாய் முதல் மின் மீட்டர் ரீடிங் வரை வீடியோ எடுத்து, அங்கேயே நின்று ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு இருக்கும். ஒரு மாதம் தாண்டியும் பணம் வராவிட்டால், முதலில் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள்.