ஸ்கேனில் ‘சிபிஏஎம்’ என்று வந்தால்: சுங்கை சிப்புட் வட்டாரப் பெற்றோருக்கு

20 வாரத்தை ஒட்டி எடுக்கும் ஸ்கேனில் குழந்தையின் நெஞ்சுக்குள் வெள்ளைத் திட்டோ கறுப்பு நீர்ப்பைகளோ தெரிந்தால், டாக்டர் ‘சிபிஏஎம்’ என்று எழுதக்கூடும். பழைய பெயர் சிசிஏஎம். நுரையீரலின் ஒரு பகுதி சரியாக உருவாகாமல், மூச்சுக்கு உதவாத பைகளாகவோ சதைத் திரளாகவோ வளர்ந்திருக்கும் (கீழே ‘கட்டி’ என்று சொல்வது இதைத்தான்). கிரகணத்தைப் பார்த்ததாலும் மாதமாக இருக்கும்போது பால்மரம் வெட்டப் போனதாலும் இது வருவதில்லை. அந்தப் பழியைத் தாயின் தலையில் யாரும் வைக்க வேண்டாம்.

முதலில் அளவுகளைக் கேளுங்கள்

கிளினிக்கில் மிஸ்ஸி (நர்ஸ்) கொடுக்கும் கடிதத்தோடு ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போது பிங்க் புத்தகத்தையும் (தாயின் கர்ப்பகாலப் பதிவேடு) பழைய ஸ்கேன் தாள்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். பெரிய பைகளா, நுண்ணிய பைகளா? இதயம் எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது? மகாதமனியிலிருந்து (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) நேராக ஒரு ரத்தக்குழாய் அதற்குள் போகிறதா? (போனால் அது வேறு வகையாகவோ, இரண்டும் கலந்ததாகவோ இருக்கலாம், அறுவை செய்பவருக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.) பதில்களை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சிவிஆர் எண்: குழந்தையின் தலையோடு ஒப்பிட்டுக் கட்டி எவ்வளவு பெரியது என்று காட்டுவது. கட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, 0.52ஆல் பெருக்கி, குழந்தையின் தலைச் சுற்றளவால் வகுத்தால் அது கிடைக்கும். கட்டி 4 × 3 × 3, தலைச் சுற்றளவு 20 என்றால் 18.72 ÷ 20, ஏறக்குறைய 0.94. 1.6ஐத் தாண்டினால் குழந்தையின் உடலில் நீர் கோக்கும் ஆபத்து அதிகம். கட்டி இதயத்தையும் பெரிய ரத்தக்குழாய்களையும் நெருக்கி ரத்த ஓட்டத்தைத் தடுப்பதால் தோலடியிலும் வயிற்றிலும் நெஞ்சிலும் நீர் சேர்கிறது. ஆனால் ஒரே ஒரு பெரிய நீர்ப்பை இருந்தால் இந்த எண்ணை மட்டும் நம்ப முடியாது. அது திடீரென்று பெருக்கும்.

கட்டி வேகமாக வளர்வது ஏறத்தாழ 20 முதல் 28 வாரம் வரை. இந்தக் காலத்தில் ஒரு ஸ்கேனையும் தவறவிடாதீர்கள். எண் சிறியதென்றால் சில வாரத்துக்கு ஒருமுறை, பெரியதென்றால் வாரம் இருமுறைகூடக் கூப்பிடுவார்கள். கூடியவரை ஒரே இடத்தில் பாருங்கள்: ஆளும் மெஷினும் மாறினால் அளவும் கொஞ்சம் மாறும், வளர்ந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது.

நுண்பை வகை பெரிதானால் தாய்க்கு பீட்டாமெத்தசோன் ஊசி போடுவார்கள். வழக்கமாக 12 மில்லிகிராம், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை. தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்தால் இந்த ஊசியால் ரத்தத்தில் சர்க்கரை அளவு ஏறும், முன்பே சொல்லிவிடுங்கள். பெரிய நீர்ப்பைக்கு இந்த ஊசி உதவாது. மெல்லிய குழாய் வைத்து நீரைப் பனிக்குடத்துக்குள் வடியவிடுவார்கள். வயிறு திடீரென்று இறுகிப் பெருத்தால், கை கால் முகம் வீங்கினால், குழந்தை அசைவு குறைந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் போய்விடுங்கள்.

பிரசவமும் அதன் பிறகும்

சிபிஏஎம் இருப்பதாலேயே சிசேரியன் தேவையில்லை. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்தில் பிறக்க வேண்டும், அவ்வளவுதான். கட்டி பெரியதாக இருந்தால் குழந்தை அறுவை நிபுணரும் அருகில் வேண்டும். உள்தோட்டத்தில் இருப்பவர்கள் கடைசி வாரங்களில் ஈப்போ உறவினர் வீட்டில் தங்குவது நல்லது.

பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். கடைசி மாதங்களில் கட்டி ஸ்கேனில் மறைந்ததுபோல் தெரியும். சுற்றியுள்ள நுரையீரலும் அதே நிறத்துக்கு வந்துவிடுவதுதான் காரணம். பிறந்த குழந்தை நன்றாகப் பால் குடிக்கும், எக்ஸ்ரேயும் சுத்தமாக வரலாம். அப்படியிருந்தும் கட்டி உள்ளே இருக்கக்கூடும். அதனால் பிறந்த சில மாதங்களில் சாயம் ஏற்றி எடுக்கும் சிடி ஸ்கேனை விடாதீர்கள். தொந்தரவு இல்லாத கட்டியை ஒரு வயதுக்குள் எடுப்பதா, பார்த்துக்கொண்டிருப்பதா என்பதில் டாக்டர்களிடையே இரு கருத்து உண்டு. திரும்பத் திரும்ப வரும் சளிக்காய்ச்சலும், அரிதாகப் புற்றுநோய் வாய்ப்பும் எடுக்கச் சொல்வோரின் காரணங்கள். நுரையீரலின் ஒரு மடலை (ஒரு பெரிய பகுதியை) எடுத்தாலும் சிறு வயதில் மீதி நுரையீரல் வளர்ந்து ஈடுகட்டும்.

வீட்டில் சாம்பிராணிப் புகை வேண்டாம். மூக்கில் எண்ணெய் விடுவதும் ஊதுவதும் வேண்டவே வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். பாட்டி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. தடுப்பூசிகளைத் தேதிப்படி போடுங்கள். காட்டுத்தீப் புகைமூட்டம் வரும் நாட்களில் குழந்தையை வெளியே கொண்டுபோகாதீர்கள்.

குழந்தை தூங்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணிப் பழகுங்கள். பிறந்த இரண்டு மாதம் வரை 60, அதன்பின் ஒரு வயது வரை 50; அதை எட்டினால் மறுபடி எண்ணுங்கள், குறையாவிட்டால் ஆஸ்பத்திரி. விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்கினாலோ, பால் குடிக்க முடியாமல் திணறினாலோ, உதடு நீலமானாலோ எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்: ஆம்புலன்சுக்கு 999.