எட்டாம் வகுப்புப் பிள்ளையை என்எம்எம்எஸ் தேர்வுக்கு வீட்டிலேயே தயார்படுத்துவது எப்படி?

"நானே எட்டாவதோட நின்னவ, பிள்ளைக்கு என்னத்தச் சொல்லித் தருவேன்?" எங்கள் தெருவில் ஓர் அம்மா போன வாரம் இப்படிக் கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். என்எம்எம்எஸ் என்பது வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு தரும் படிப்பு உதவித்தொகைக்கான தேர்வு. என் மகள் இந்தத் தேர்வை எழுதிய வருடம் எனக்கும் பாதிக் கணக்கு புரியவில்லை. கூட உட்கார்ந்து, "எப்படி இந்த விடை வந்தது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். நான் செய்த உதவியில் பெரும்பகுதி அந்தக் கேள்விதான்.

படி 1: தகுதியைப் பாருங்கள்

அரசுப் பள்ளி அல்லது அரசு உதவிபெறும் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்க வேண்டும். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடாது. ஏழாம் வகுப்பில் 55 சதவீத மதிப்பெண் தேவை, எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50 போதும். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை மாதம் 1,000 ரூபாய். நான்கு வருடத்துக்கு 48,000. கூலி வேலைக்குப் போகிற வீட்டில், பிள்ளையின் படிப்பை நிறுத்தாமல் காப்பாற்றுகிற பணம் இது.

விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும். வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வருமானச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வைத்துவிடுங்கள்.

படி 2: தாள் எப்படி இருக்கும்?

இரண்டு தாள்கள். மனத்திறன் தேர்வு 90 கேள்வி, படிப்பறிவுத் தேர்வு 90 கேள்வி. தாளுக்கு 90 நிமிடம், அதாவது ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் எதையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள். இரண்டு தாளும் சேர்த்து 40 சதவீதம், அதாவது 180-க்கு 72 எடுத்தால் தேர்ச்சி (எஸ்.சி., எஸ்.டி.க்கு 32 சதவீதம்). ஆனால் தமிழ்நாட்டுக்கு இருப்பது 6,695 இடங்கள். 72-ஐ எட்டினோம் என்று நின்றுவிட முடியாது.

படி 3: மனத்திறன் பயிற்சி, தினமும் அரை மணி நேரம்

பள்ளிப் புத்தகத்தில் இல்லாத பகுதி என்பதால் பிள்ளைகள் இதைப் பார்த்துத்தான் மிரளுவார்கள். எண் தொடர், எழுத்துத் தொடர், கண்ணாடிப் பிம்பம், நாட்காட்டி, திசை, உறவுமுறை என்று வரும். வீட்டில் இருக்கிற பொருள்களை வைத்தே பாதியைப் பழக்கலாம்.

எண் தொடரில் தொடங்குங்கள். 2, 6, 12, 20, 30, அடுத்து என்ன? என் மகள் உடனே 42 என்றாள். எப்படி என்று கேட்டேன். "வித்தியாசம் 4, 6, 8, 10ன்னு போகுது, அடுத்து 12" என்றாள். சரி, வேறு வழி இருக்கா என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒன்று பெருக்கல் இரண்டு, இரண்டு பெருக்கல் மூன்று… அம்மா, ஆறு பெருக்கல் ஏழு!" என்று கத்தினாள். அந்த இரண்டாவது வழி எனக்குத் தெரியாது. விடை சரியாக இருந்தாலும் "எப்படி?" என்று கேளுங்கள். வாயால் விளக்கியதைப் பிள்ளை மறப்பதில்லை.

கண்ணாடிப் பிம்பத்துக்குச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி நிலைக்கண்ணாடி முன்னால் பிடியுங்கள். 4:20 என்பது 7:40 போலத் தெரியும். இரண்டையும் கூட்டினால் 12 மணி. முள்ளைத் திருப்பித் திருப்பி நாலைந்து நேரம் பார்த்தாலே விதி பிடிபட்டுவிடும்.

நாட்காட்டிக் கணக்கும் அப்படித்தான். 2025 ஜனவரி 1 புதன், 2026 ஜனவரி 1 வியாழன். சாதாரண வருடத்தில் ஒரு கிழமை தள்ளும். 2024 லீப் வருடம். அந்த ஜனவரி 1 திங்கள், அடுத்த வருடம் புதன், இரண்டு கிழமை தள்ளியது. பழைய காலண்டரைத் தூக்கிப் போடாதீர்கள்.

எழுத்துத் தொடருக்கு ஆங்கில எழுத்துகளின் வரிசை எண் தெரிய வேண்டும். ஈ (E) 5, ஜே (J) 10, ஓ (O) 15, டி (T) 20, ஒய் (Y) 25. இந்த ஐந்தும் மனதில் நின்றால் மற்றதை முன்னும் பின்னும் எண்ணிக்கொள்ளலாம்.

படி 4: படிப்பறிவுத் தாள்

அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. ஏழாம், எட்டாம் வகுப்புப் புத்தகங்களே போதும். எந்தப் பாடம் வரை என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை ஒரு பக்கம் படித்ததும் புத்தகத்தை நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டு அதிலிருந்து கேளுங்கள்.

படி 5: தப்பு நோட்டு

தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டு. தவறிய கேள்வியையும் ஏன் தவறியது என்பதையும் பிள்ளையே எழுதட்டும்: தெரியவில்லை, அவசரப்பட்டேன், கேள்வியைத் தப்பாகப் படித்தேன். எங்கள் நோட்டில் மூன்றாவதுதான் அதிகம். "தவறான கூற்று எது?" என்று கேட்டிருக்கும், இவள் சரியான கூற்றைக் குறித்திருப்பாள். கேள்வியில் 'சரியான', 'தவறான' போன்ற சொல்லுக்கு அடிக்கோடு போடப் பழக்கினேன், அந்தத் தப்பு வெகுவாகக் குறைந்தது. தயவுசெய்து இந்த நோட்டை வைத்துத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த நாள் தப்பை மறைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

படி 6: ஓஎம்ஆர் தாளில் பழக்குங்கள்

ஓஎம்ஆர் என்பது விடைக்குரிய வட்டத்தைப் பேனாவால் நிரப்புகிற விடைத்தாள். அதன் மாதிரித் தாளைச் சில பிரதி ஜெராக்ஸ் எடுங்கள். ஞாயிறு காலையில் பழைய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து, கடிகாரம் வைத்து எழுதச் சொல்லுங்கள். முதல் ஞாயிறு என் மகள் 41-வது கேள்வியை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டாள். ஆனால் 42-இன் விடையை 41-இன் வட்டத்தில் நிரப்பிவிட்டாள். அதிலிருந்து கடைசி வரை எல்லாமே ஒரு வரி மேலே. விடை தெரிந்தும் மதிப்பெண் இல்லை, அழுதுவிட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பத்துக் கேள்விக்கும் ஒருமுறை, கேள்வி எண்ணையும் வட்டத்தின் எண்ணையும் விரல் வைத்துச் சரிபார்க்கப் பழகினாள்.

படி 7: தேர்வும் அதற்குப் பிறகும்

முந்தின இரவு புதிதாக எதையும் படிக்க வேண்டாம். நுழைவுச் சீட்டு, இரண்டு கருப்புப் பால்பாயிண்ட் பேனா, தண்ணீர் பாட்டில் எடுத்து வையுங்கள். இரண்டு தாளுக்கும் நடுவில் சாப்பிட ஏதாவது கட்டிக் கொடுங்கள்.

தேர்வாகிவிட்டால் பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு திறந்து ஆதாரை இணையுங்கள். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் முதல் வருடம் பதிவு, பிறகு ஒவ்வொரு வருடமும் புதுப்பிப்பு. புதுப்பிக்க மறந்தால் அந்த வருடப் பணம் வராது. பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி.க்கு 55) எடுத்தால்தான் பிளஸ் ஒன்னுக்குத் தொடரும். நடுவில் தனியார் பள்ளிக்கு மாற்றினாலும் உதவித்தொகை நின்றுவிடும். மாற்ற நினைப்பவர்கள் அதற்கு முன் தலைமையாசிரியரிடம் ஒருமுறை பேசுங்கள்.