எஸ்எல்டி2 இல்லாத ஈஸ்ட்: புள்ளிச் சோதனையும் கரைய மறுத்த சாயமும்

ஈஸ்ட்டின் செல்சுவர் நைந்தால் மிட்2, டபிள்யூஎஸ்சி1 போன்ற உணரிகள் அதை முகர்ந்து உள்ளே சொல்லும். செய்தி ரோ1, பிகேசி1 என்ற புரதங்கள் வழியாகக் கைமாறி எஸ்எல்டி2 மரபணு தரும் கைனேஸ் என்ற நொதிக்கு வந்து சேரும். அது தூண்டிவிட்டால்தான் சுவர் கட்டும் மரபணுக்கள் சுறுசுறுப்பாகும். இந்த மரபணுவை நீக்கிய ஈஸ்ட், சுவரைக் குலைக்கும் கால்கோஃப்ளூர் ஒயிட் சாயத்தைத் தாங்காது. அதைக் கண்ணால் பார்ப்பதற்குத்தான் இந்தப் புள்ளிச் சோதனை: ஈஸ்ட்டைப் படிப்படியாக நீர்த்து, சாயம் கலந்த தட்டில் புள்ளி புள்ளியாக வைத்து, எது வளர்கிறது என்று பார்ப்பது.

பிஒய்4741 என்ற வழக்கமான ஆய்வக ஈஸ்ட், அதில் எஸ்எல்டி2 நீக்கியது, இரண்டையும் ஒய்பிடி என்ற சத்து மிகுந்த வளர்ப்புத் திரவத்தில் 28 டிகிரியில் இரவு முழுக்க வளருங்கள். காலையில் நீர்த்து, மறுபடி ஓடி (கலங்கலை வைத்து செல் அடர்த்தியைக் காட்டும் அளவு) 0.6 வரை வளரவிட்டு, இரண்டையும் 0.5க்குச் சமப்படுத்துங்கள். பிறகு பத்துப் பத்து மடங்காக நான்கு முறை நீர்க்க வேண்டும்.

அடுத்தது சாயம். என் முதல் சோதனையில் நீக்கிய ஈஸ்ட் சாயத் தட்டிலும் செழித்து வளர்ந்தது. தவறான குழாயை எடுத்துவிட்டேனோ என்று பிசிஆர் என்ற மரபணுச் சோதனை வரை போய்ப் பார்த்தேன். ஈஸ்ட் சரியாகவே இருந்தது. தட்டைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் அடியில் ரவை போலச் சாயத் துகள்கள் தெரிந்தன. இந்தச் சாயம் அமிலத்தில் கரையாது. நான் ஊற்றியதோ அமிலத்தன்மை மிகுந்த எஸ்டி என்ற செயற்கை வளர்ப்பு ஊடகம். ஒய்பிடியில் செய்யுங்கள், அல்லது எஸ்டியை எம்இஎஸ் என்ற பிஎச் தாங்கல் கொண்டு பிஎச் 6க்குக் கொண்டுவாருங்கள். கரைசலுக்கு மில்லிலிட்டருக்கு 10 மி.கி. தூள், தண்ணீரில் கலங்கலாகவே நிற்கும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டால் சட்டென்று தெளியும். அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். வடிகட்டி, அலுமினியத் தாள் சுற்றி வையுங்கள். அகார் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு, 200 மி.லி.க்கு இந்தக் கரைசலை 0.4 மி.லி. சேர்த்தால் மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம்.

சாயமில்லாத தட்டு ஒன்றும், சாயத்தோடு 1 மோலார் சார்பிட்டால் சேர்த்த தட்டு ஒன்றும் கட்டாயம் வேண்டும். சார்பிட்டால் வெளியே சவ்வூடு அழுத்தத்தை ஈடுகட்டி, சுவர் நைந்த செல் வெடிக்காமல் காக்கும்; அந்தத் தட்டில் எஸ்எல்டி2 நீக்கிய ஈஸ்ட் மீண்டு வந்தால், சிக்கல் சுவரில்தான் என்று நம்பலாம்.

தட்டை நன்றாக உலர்த்தி, ஐந்து மைக்ரோலிட்டர் வீதம் புள்ளி வையுங்கள். பல புள்ளிகளை ஒரே நேரத்தில் வைக்கும் முள்பலகைக் கருவி எனக்கு ஒத்துவராது; ஒரு புள்ளி பெரிதாகவும் அடுத்தது சிறிதாகவும் விழும். பிப்பெட்டே போதும். 30 டிகிரியில், இருட்டில், இரண்டு நாள்.

பின்சேர்ப்பு: சார்பிட்டால் தட்டு இறுகவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அரை லிட்டருக்கு 91 கிராம் சார்பிட்டால். அதுவே கணிசமான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். முழு அரை லிட்டர் தண்ணீரில் கொட்டினால் அகார் நீர்த்துப்போகும். 400 மி.லி.யில் கரைத்துவிட்டு அளவுக்கு நிரப்புங்கள்.